கடல் கடந்த கடிதங்கள்

கைத்தொலைபேசியில் ஒரு செய்தி அனுப்ப இன்று ஒரு நொடி போதும். 18-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் எழுதிய கடிதம் லண்டனை அடையப் பல வாரங்கள் ஆகும். பாய்மரக் கப்பல் மூழ்கினால் கடிதமும் கடலோடு போய்விடும். அந்தக் காலத்தில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே இராத இருவர் எழுதிக்கொண்ட கடிதங்கள் அடிமை வாணிபத்துக்கு எதிரான போராட்டத்திற்கு வித்திட்டன.

ஒருவர் அந்தோணி பெனசெட். 1713-இல் பிரான்சில் பிறந்து, பிலடெல்பியாவில் குடியேறிய பள்ளி ஆசிரியர். குவேக்கர் எனும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். பகலில் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு, மாலையில் தம் வீட்டிலேயே கறுப்பின மக்களுக்கு எழுத்தறிவித்தார்.

மற்றவர் கிரான்வில் ஷார்ப். லண்டனில் படைக்கலத் துறையில் சாதாரண அரசாங்க குமாஸ்தா. 1765-இல், எஜமானரால் அடித்துத் துரத்தப்பட்ட ஜோனத்தன் ஸ்ட்ராங் எனும் கறுப்பின இளைஞரை ஷார்ப்பும் மருத்துவரான அவருடைய அண்ணனும் காப்பாற்றினர். இரண்டு ஆண்டுகளில் அதே எஜமானர், உடல் தேறிய அந்த இளைஞரைப் பிடித்து விற்றுவிட்டார். ஸ்ட்ராங்கை மீட்ட ஷார்ப், அதன் பிறகு சட்ட நூல்களைத் தாமே படிக்கத் தொடங்கினார்.

நூல்கள் செய்த அறிமுகம்

இருவரையும் இணைத்தவை நூல்களே. பெனசெட் எழுதிய சிறு நூல் ஒன்று லண்டன் புத்தகக் கடையில் ஷார்ப்பின் கண்ணில் பட்டது. அதை அவர் மறுபதிப்புச் செய்தார். அடிமை முறையைக் கண்டித்து ஷார்ப் 1769-இல் வெளியிட்ட நூலின் பகுதிகளைப் பெனசெட் பிலடெல்பியாவில் அச்சிட்டார். கடிதம் எழுதிக்கொள்வதற்கு முன்பே ஒருவர் கருத்தை மற்றவர் பரப்பிக்கொண்டிருந்தார்!

1772 மே 14-ஆம் தேதி பெனசெட் ஷார்ப்புக்குக் கடிதம் எழுதினார். அப்போது லண்டனில் ஜேம்ஸ் சோமர்செட் வழக்கு நடந்துகொண்டிருந்தது. வர்ஜீனியாவில் விலைக்கு வாங்கப்பட்ட சோமர்செட், இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டபின் தப்பி ஓடியவர். பிடிபட்ட அவரை ஜமைக்காவில் விற்பதற்காகக் கப்பலில் விலங்கிட்டு வைத்திருந்தனர். வழக்கின் பின்னணியில் ஷார்ப் நின்றார். ஜூன் 22-இல் தலைமை நீதிபதி மான்ஸ்பீல்டு, அவரை விடுவிக்கத் தீர்ப்பளித்தார். காலனிகளில் அடிமை முறை தொடர்ந்தாலும், இங்கிலாந்து மண்ணிலிருந்து ஒருவரைப் பலவந்தமாக வெளியே கொண்டுபோக முடியாது என்பது உறுதியானது.

மனு யாரிடம் கொடுப்பது?

இந்தக் கடிதங்கள் வெறும் நலம் விசாரிப்புகள் அல்ல. அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் மனு அனுப்பலாமா என்பது பெனசெட்டின் யோசனை. ஆகஸ்டில் பதில் எழுதிய ஷார்ப் இரண்டு வழிகளைப் பிரித்துக் காட்டினார். அடிமை வாணிபம் கடல் கடந்த வணிகம். அதை நாடாளுமன்றத்தில் எதிர்க்கலாம். அமெரிக்கக் காலனிகளுக்குள் உள்ள அடிமை முறை வேறு. அதற்கு அரசரிடமே முறையிட வேண்டும். காலனிகளின் உள்விவகாரத்தில் நாடாளுமன்றம் தலையிடும் உரிமையை ஒப்புக்கொண்டுவிடக் கூடாது என்பதில் அவர் கவனமாக இருந்தார். கோபம் மட்டும் போதாது, எந்தக் கதவைத் தட்டுவது என்பதும் தெரிய வேண்டும் அல்லவா?

1775-இல் இங்கிலாந்துக்கும் அமெரிக்கக் காலனிகளுக்கும் போர் மூண்டது. அமெரிக்கர்களை ஒடுக்கும் போருக்குத் தம் கையால் தளவாடம் அனுப்ப மனமில்லாத ஷார்ப், அரசாங்க வேலையையே உதறினார்.

விதைத்தவரும் அறுத்தவரும்

பெனசெட் 1784-இல் காலமானார். அவருடைய இறுதி ஊர்வலத்தில் நூற்றுக்கணக்கான கறுப்பின மக்கள் நடந்துசென்றனர். மறு ஆண்டு, கேம்பிரிட்ஜ் மாணவர் தாமஸ் கிளார்க்சன் கட்டுரைப் போட்டிக்காகத் தகவல் தேடியபோது, கினியா நாட்டைப் பற்றிப் பெனசெட் எழுதிய நூலின் விளம்பரத்தைப் பத்திரிகையில் பார்த்தார். உடனே லண்டனுக்கு விரைந்து அதை வாங்கினார். பரிசு பெற்ற அந்தக் கட்டுரை அவர் வாழ்க்கையையே மாற்றியது. 1787-இல் லண்டனில் அடிமை வாணிப ஒழிப்புக் குழு 12 பேருடன் அமைந்தபோது கிளார்க்சனும் ஷார்ப்பும் அதில் இருந்தனர். ஒன்பது பேர் குவேக்கர்கள்.

1807-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை வாணிபத்தைத் தடைசெய்தது. அதைப் பார்க்கும் பேறு ஷார்ப்புக்குக் கிடைத்தது. அடிமை முறையையே ஒழித்த 1833-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காண அவரும் இல்லை.

பெனசெட்டிடம் பதவி இல்லை, படை இல்லை. இருந்தவை பேனாவும் அஞ்சல் கப்பலும் பொறுமையும்தான். பதில் எப்போது வரும் என்று தெரியாமலே அவர் எழுதினார். அவர் மறைந்த பிறகும் பதில் வந்துகொண்டே இருந்தது, கிளார்க்சன் போன்றவர்களின் செயல்களாக.