கற்றல் பாணிகள்

ஒரே வகுப்பில் ஒரே உபாத்தியாயரிடம் ஒரே பாடத்தைக் கேட்கும் மாணாக்கருள் ஒருவன் கண்ணால் கண்டதையும், மற்றொருவன் காதால் கேட்டதையும், வேறொருவன் கையால் செய்ததையுமே எளிதில் மனத்தில் இருத்துகிறான் என்றும், இவ்வேறுபாடு அவரவர் சுபாவத்தில் ஊன்றியது என்றும், ஆதலால் போதனையும் அதற்கேற்ப மாறவேண்டும் என்றும் கூறும் கல்விக் கொள்கை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேனாடுகளில் உருப்பெற்று, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளின் வாயிலாகப் பல தேசங்களுக்கும் பரவிய இக்கொள்கை, பிரசித்தி பெற்ற அளவுக்குப் பரீட்சையில் தேறவில்லை.

மாணாக்கரை வகைப்படுத்தும் ஆசை மிகப் பழையது. 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீயகங்கன் என்னும் சிற்றரசனின் வேண்டுகோளுக்கு இணங்கிப் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், பாலையும் நீரையும் பிரித்துண்ணும் அன்னத்தையும், வயிறார மேய்ந்து பின்பு அசைபோடும் பசுவையும் ஒத்தவரைத் தலைமாணாக்கர் என்றும், உழவனின் முயற்சியளவே விளைவு தரும் நிலத்தையும், சொல்லிக் கொடுத்ததை மட்டும் திருப்பிச் சொல்லும் கிளியையும் ஒத்தவரை இடைமாணாக்கர் என்றும், ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பற்றிக்கொள்ளும் நெய்யரி ஆகியவற்றை ஒத்தவரைக் கடைமாணாக்கர் என்றும் பகுக்கிறது. (எருமைக்கு நேர்ந்த அவப்பெயர் நம் வகுப்பறைகளில் இன்னும் தீர்ந்தபாடில்லை.) பாடம் எவ்வழியே உட்புகுகிறது என்பதன்று, புகுந்தபின் அதற்கு நேரும் கதியே இங்கு அளவுகோல். எனினும், பாடம் சொல்லும் முறையை வகுக்குமிடத்தில், கேட்பவன் ஏற்கும் வகையை அறிந்து அவன் உள்ளத்தில் பதியுமாறு சொல்லுதலை ஆசிரியனின் கடமையாக்குகிறது அதே பாயிரம்.

மேனாட்டு ஆராய்ச்சி வேறு திசையில் தொடங்கிற்று. அமெரிக்க உளநூலார் ஹெர்மன் விட்கின், ஒரு பொருளை அதன் சூழலிலிருந்து பிரித்துக் காணும் திறன் மனிதர்க்கு மனிதர் மாறுபடுவதைச் சோதனைகளால் காட்டினார். ரீட்டா டன், கென்னத் டன் தம்பதியரோ வெளிச்சம், வெப்பம், சந்தடி, படிக்கும் வேளை, நொறுக்குத்தீனி வரை கணக்கில் சேர்த்துக்கொண்டனர். அனுபவத்தை அடிப்படையாகக் கொண்ட கற்றலைப் பற்றிய டேவிட் கோல்பின் நூல் 1984-இல் வெளிவந்தது.

இவற்றுள் பெரும் செல்வாக்கு அடைந்தது நியூசிலாந்தின் நீல் ஃபிளெமிங் வகுத்த 'வார்க்' முறையே. பள்ளி ஆய்வாளராகப் பணிபுரிந்த காலத்தில், சிறந்த ஆசிரியர்களின் வகுப்பிலும் சில மாணாக்கர் பின்தங்குவதையும், திறமை குறைந்தவரின் வகுப்பிலும் சிலர் முன்னேறுவதையும் கண்டு வியந்த அவர், பின்னர் கோலீன் மில்ஸுடன் சேர்ந்து 1992-இல் வெளியிட்ட கட்டுரையில், காட்சி, கேள்வி, எழுத்து, செய்கை என நான்கு வழிகளைக் குறித்தார். மாணாக்கன் தன் படிப்பைத் தானே சிந்தித்துச் சீர்செய்துகொள்ள ஒரு தூண்டுகோலாகவே அவர் அதனை அளித்தார். பயிற்சி வகுப்புகளிலோ அது குழந்தைகளின்மேல் ஒட்டும் பெயர்ச்சீட்டாயிற்று. 1983-இல் பன்முக அறிவுக் கொள்கையை வெளியிட்ட ஹோவர்டு கார்ட்னருக்கும் இதே கதி நேர்ந்தது. தம் கொள்கை வேறு, கற்றல் பாணி வேறு என்று அவர் பலமுறை மறுத்தும் பயனில்லை.

2004-இல் பிரிட்டனில் ஃபிராங்க் காஃபீல்டு குழுவினர் கணக்கெடுத்தபோது கற்றல் பாணிகளை வகுக்கும் முறைகள் 71 இருந்தன. 2008-இல் ஹெரால்டு பாஷ்லரும் மூவரும் இக்கொள்கைக்கு உரிய சோதனை இன்னதென வரையறுத்தனர்: பாணிவாரியாகப் பிரித்த மாணாக்கரில் ஒவ்வொரு பிரிவிலும் பாதிப்பேர்க்கு ஒரு முறையிலும் எஞ்சியோர்க்கு மற்றொரு முறையிலும் கற்பித்து, எல்லோர்க்கும் ஒரே தேர்வு வைத்தால், காட்சிப் பிரிவினர் படத்தாலும் கேள்விப் பிரிவினர் சொல்லாலும் மிகுந்த பயன் பெற்றிருத்தல் வேண்டும். இவ்வாறு முறையாக நடந்த ஆய்வுகள் மிகச் சிலவே என்றும், அவற்றிலும் சில முரணான முடிவையே தந்தன என்றும் அவர்கள் கண்டனர்.

ஆயினும் 2012-இல் வெளியான ஓர் ஆய்வில் பிரிட்டிஷ் ஆசிரியருள் 93 சதவீதமும் டச்சு ஆசிரியருள் 96 சதவீதமும் இக்கொள்கையை நம்பினர். மந்தன் என்று எவரையும் தள்ளாத அதன் கருணையே இந்நம்பிக்கையின் வேர் எனலாம். வகுப்பறையில் உண்மையாகவே வேறுபடுவன மாணாக்கனின் முன்னறிவும் வேகமும் ஆர்வமும். இந்திரியங்களின் தேர்வோ பெரும்பாலும் பாடத்தைப் பொறுத்தது. பூகோளத்துக்குத் தேசப்படமும் சங்கீதத்துக்குச் செவியும் எல்லோர்க்கும் வேண்டும். 1939-இல் அடையாற்றுக்கு வந்து பயிற்சி வகுப்பு நடத்திய மரியா மாண்டிசோரி, உப்புத்தாளில் வெட்டிய எழுத்தைக் கண்ணால் காணவும், விரலால் தடவவும், அதன் ஒலியை வாயால் சொல்லவும் ஒவ்வொரு குழந்தைக்கும் இடமளித்தாரேயன்றி, இன்ன குழந்தைக்கு இன்ன இந்திரியம் என்று பங்கிட்டுக் கொடுத்தாரில்லை.