ஐம்பது கலிபர் எண்டால் எதில ஐம்பது?

எங்களுக்கு முந்தின தலைமுறை சொல்லுகிற யுத்தக் கதைகளில் 'ஐம்பது கலிபர்' வராமல் இருக்காது. சத்தத்தை வைத்தே இது இன்னதுதான் எண்டு சொல்லக்கூடிய ஆட்கள் அவர்கள். யுத்தம் முடியும்போது நாங்கள் சின்னப் பிள்ளைகள். எங்களிடம் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் சொற்கள்தான். எதில ஐம்பது எண்டு கேட்டால் எங்களில் அநேகம் பேருக்குப் பதில் தெரியாது. ஐம்பது மில்லிமீற்றர் எண்டால் அது பீரங்கியாகிவிடும். உண்மையில் அது ஓர் அங்குலத்தை நூறாகப் பிரித்தால் வருகிற ஐம்பது பங்கு. அதாவது அரை அங்குலம், 12.7 மில்லிமீற்றர்.

கலிபர் என்பது துவக்குக் குழலின் உள்விட்டம். ஒரு வரியில் முடிகிற விளக்கம்தான். ஆனால் அந்த ஒரு வரியை நூற்றாண்டுக் கணக்கில் ஆளாளுக்கு வேற வேற மாதிரி அளந்திருக்கிறார்கள். அதுதான் சுவாரசியம்.

துருக்கியில் 'துஃபெக்' என்றால் துவக்கு. எங்கட 'துவக்கு', சிங்களத்தின் 'துவக்குவ', தமிழகத்தின் 'துப்பாக்கி' எல்லாம் அந்தப் பக்கத்து உறவுதான். கலிபர் பிரெஞ்சு வழியாக வந்த சொல். அதன் வேர் அச்சு, வார்ப்பு எனப் பொருள்படும் 'காலிப்' என்ற அரபுச் சொல் என்பது அகராதிக்காரரின் கணிப்பு. அப்படி இருந்தால் பொருத்தம்தான். ஏனெண்டால் ஆரம்பகாலத் துவக்குகளுக்குப் பொது அளவு எதுவும் இருக்கவில்லை. கொல்லன் குழலைச் செய்தபிறகு அந்தக் குழலுக்கு ஏற்ற அச்சையும் சேர்த்துக் கொடுப்பான். வாங்கினவர் ஈயத்தை உருக்கி அதில் வார்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஒருத்தருடைய குண்டு பக்கத்து வீட்டுக்காரரின் துவக்குக்குப் பொருந்தும் எண்டு எந்த உத்தரவாதமும் இல்லை.

எடையால் அளக்கும் பழக்கமும் அந்தக் காலத்தில் இருந்து வந்ததுதான். 'பன்னிரண்டு போர்' வேட்டைத் துவக்கைச் செய்திகளில் அடிக்கடி பார்க்கிறோம். அந்தப் பன்னிரண்டு மில்லிமீற்றரும் இல்லை, அங்குலமும் இல்லை. ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாகச் செய்தால், அதில் ஓர் உருண்டை சரியாகப் போகிற குழல் அது. சுமார் 18.5 மில்லிமீற்றர் அகலம். இருபது போர் எண்டால் அதே இறாத்தலை இருபதாகப் பிரிக்கவேணும். உருண்டை சிறுக்கும், குழல் 15.6 மில்லிமீற்றருக்கு இறங்கும். எண் கூடக் கூட வாய் சின்னனாகும். பீரங்கியில் இது நேர்மாறு. அங்கே குண்டின் எடையையே பெயராக வைத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியர் பயன்படுத்திய 'இருபத்தைந்து இறாத்தல்' பீரங்கி அந்த மரபின் கடைசிப் பிள்ளைகளில் ஒன்று.

குழலுக்கும் குண்டுக்கும் இடையில் இடைவெளி விடுவதும் வழக்கமாக இருந்தது. 18ஆம் நூற்றாண்டுப் பிரித்தானியச் சிப்பாயின் 'பிரவுண் பெஸ்' துவக்கின் வாய் .75 அங்குலம்; அதற்குள் போட்ட குண்டோ .69 அங்குலம் அளவில்தான் இருந்தது. கரிமருந்தின் புகைக்கரி குழலில் படியப் படிய, இறுக்கமான குண்டு உள்ளே இறங்காது என்பதால் இப்படி. வன்னியில் இடியன் துவக்கு பாவித்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

பிறகு குழலின் உள்ளே சுருள் தவாளிப்பு வெட்டுவது பொதுவழக்கமானது. சன்னம் சுழன்றுகொண்டு போனால் நேராகப் போகும். ஆனால் இப்ப ஒரு புதுச் சிக்கல்: குழலுக்குள் மேடும் இருக்கு, பள்ளமும் இருக்கு. மேட்டுக்கு மேடு அளப்பதா, பள்ளத்துக்குப் பள்ளம் அளப்பதா? ஆளாளுக்கு ஒரு முடிவு எடுத்தார்கள். பிரித்தானியரின் .303 மேட்டுக்கு மேடு அளந்த எண். அதில் போகிற சன்னத்தின் அகலம்.311 அங்குலம் அளவு. அமெரிக்காவின் .308 சன்னத்தின் அகலம். அதே அகலச் சன்னத்தை நேட்டோ 7.62 மில்லிமீற்றர் என்கிறது. அது மேட்டுக்கு மேடு. .38 என்று பெயர் வைத்த கைத்துப்பாக்கியின் சன்னம் உண்மையில் .357. பழைய வகைத் தோட்டாவில் சன்னமும் கோதும் ஒரே அகலமாக இருந்தன. சன்னத்தைக் கோதுக்குள்ளே இறக்கியபோது அகலம் குறைந்தது, பெயர் மட்டும் மாறவில்லை. கலிபர் பாதி அளவு, பாதி பட்டப்பெயர் எண்டு நாங்கள் சொல்லுவது இதனால்தான்.

இந்த வரலாற்றில் பெரிய திருப்பம் ஒரு வேதியியலாளரால் வந்தது. 1884இல் பிரான்சின் போல் வியெய் புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்தார். கரிமருந்தைவிட அதற்கு வலு அதிகம். சன்னத்தை முன்பைவிடக் கெதியாகத் தள்ளலாம் என்றால் அது பெரிதாக இருக்கத் தேவையில்லை. 11 மில்லிமீற்றர் துவக்கோடு இருந்த பிரான்ஸ் 1886இல் 8 மில்லிமீற்றருக்கு இறங்கியது. பிரித்தானியா 1888இல் .303க்குப் போனது. 1891இல் ரஷ்யா எடுத்த துவக்குக்கு 'மூன்று கோட்டுத் துவக்கு' என்றே பெயர். 'கோடு' என்பது அங்குலத்தில் பத்திலொன்று. மூன்று கோடு .30 அங்குலம், மில்லிமீற்றரில் 7.62. பனிப்போர் காலத்தில் இரண்டு தரப்பும் ஒரே எண்ணை வைத்துக்கொண்டு முறைத்துக்கொண்டிருந்ததன் மூலம் இந்த அங்குலக் கணக்குத்தான்.

சின்னச் சன்னத்தால் காலனி ஆட்சியாளர்களுக்கு ஒரு மனக்குறை வந்தது. 1895இல் சித்ரால் படையெடுப்பில் .303 பட்டும் எதிரி விழாமல் ஓடிவருகிறான் என்று அதிகாரிகள் முறைப்பட்டார்கள். கல்கத்தாவுக்குப் பக்கத்திலுள்ள டம்டம் ஆயுதசாலையில், உடம்புக்குள் விரிந்து கிழிக்கும்படி முனையில் ஈயம் தெரியும் சன்னம் செய்தார்கள். 1899 ஹேக் மாநாட்டில் அதைத் தடைசெய்யும் பேச்சு வந்தபோது, நாகரிகமான சிப்பாய் அடிபட்டால் விழுந்துவிடுவான், 'காட்டுமிராண்டி' விழமாட்டான் என்ற தொனியில் பிரித்தானியத் தரப்பு வாதாடியது. பிரகடனத்தில் பிரித்தானியா சேர்ந்தது 1907இல்தான். யாருடைய உடம்பில் எந்தச் சன்னம் பாயலாம் என்பதைத் தோலின் நிறத்தை வைத்துப் பேசியிருக்கிறார்கள், அதுவும் சமாதான மாநாடு என்று பெயர் வைத்த இடத்தில்.

சரி, எங்கட பக்கம் வருவம். செய்தித்தாளில் '7.62' எண்டு மட்டும் போட்டால் அதில் தகவல் அரைவாசிதான். ரி-56 சுடுவது 7.62×39. இலங்கை இராணுவம் முன்பு பாவித்த எஸ்.எல்.ஆர் சுடுவது 7.62×51. பி.கே. இயந்திரத் துவக்கு 7.62×54. இரண்டாவது எண் கோதின் நீளம். நீளம் கூடினால் மருந்துக்கு இடம் கூடும். ஒன்றின் ரவை மற்றதுக்குப் பொருந்தாது. அகலத்தை வைத்து வலுவைச் சொல்லவும் ஏலாது. பயிற்சிக்குச் சுடுகிற .22 சன்னமும் எம்-16இன் 5.56 சன்னமும் அகலத்தில் கிட்டத்தட்ட ஒண்டுதான். ஆனால் இரண்டாவது ஒலியைவிட இரண்டரை மடங்குக்கு மேல் கெதியில் போகும்; அதன் ஆற்றல் முதலாவதைப்போல் பத்து மடங்குக்குக் கிட்ட.

இந்த எண் கணக்கு ஒருமுறை எங்கட நாட்டில் உயிர்களின் கணக்காக மாறியது. 2006 ஓகஸ்ட்டில் மூதூரில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமான ஏ.சி.எஃப். பணியாளர்கள் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பிரேத பரிசோதனையை அவதானித்த அவுஸ்திரேலிய நிபுணர், எடுக்கப்பட்ட சன்னங்களில் ஒன்று 5.56 என்று எழுதினார். அரச பகுப்பாய்வு எல்லாவற்றையும் 7.62 என்றது. சன்னம் மாற்றப்பட்டதா என்று சர்வதேச சட்டவல்லுநர்கள் ஆணைக்குழு 2007இல் கேட்டது. பிறகு அந்த நிபுணரே தன் முதல் அடையாளம் பிழை என்றார்.

சர்ச்சை அத்தோடு அடங்கிப்போனது எங்களுக்கு விநோதமாகத்தான் படுகிறது. 5.56 எண்டால் எம்-16 வகைத் துவக்கு யார் கையில் இருந்தது என்ற கேள்வி வரும். 7.62×39 எண்டால் ரி-56, அது அன்றைக்கு இரண்டு தரப்பின் கையிலும் இருந்தது. எது சரி எண்டாலும் அந்த எண் எந்தக் குழல் என்பதைச் சொல்லுமே தவிர, விசையை இழுத்த விரலைச் சொல்லாது. அதற்கு வேறு சாட்சிகள் வேணும், சாட்சிகளுக்குப் பாதுகாப்பு வேணும். 17 பேரின் கொலைக்காக இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.