பனிக்கண்டத்துக்கு விருந்தாளி வந்தால்

விருந்தாளி என்றால் நம் நாகைக்குப் புதிதல்ல. கடல் கடந்த ஸ்ரீவிஜய நாட்டு மன்னன் இங்கே சூடாமணி விகாரம் எழுப்பியபோது, இராஜராஜ சோழன் 1006-ஆம் ஆண்டு வாக்கில் ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயையே அதற்கு எழுதி வைத்தான். விருந்தோம்ப மனசு மட்டும் போதாது, பின்னால் நெல்லும் வேண்டும் என்பது நம் முன்னோர் அறிந்த கணக்கு. அப்படியானால், ஒரு மணி நெல்கூட விளையாத கண்டத்தில் பெரிய மனிதர் ஒருவர் வாசலில் வந்து நின்றால் என்ன செய்வார்கள்?

அண்டார்டிகா நமக்கு அப்படியொன்றும் அந்நியமும் இல்லை. நன்னிலத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சன்னாநல்லூர்க்காரர் கர்னல் கணேசன், 1987-89இல் அங்கே நமது தட்சிண கங்கோத்ரி நிலையத்தில் குளிர்காலக் குழுவின் தலைவராக இருந்தவர். மாணவ நண்பர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பனித்தட்டின் மேல் கட்டிய அந்த நிலையம் பனியிலேயே புதைந்துபோக, 1989இல் ஷிர்மாக்கர் பாறைப் பகுதியில் மைத்ரி நிலையம் எழுந்தது. மைத்ரிக்குத் தண்ணீர் மட்டும் பக்கத்து ஏரியில் கிடைக்கும். அரிசி, பருப்பு, டீசல் எல்லாம் கோடையில் கப்பலில் வந்தால்தான் உண்டு. அது போனால் அடுத்த கப்பல் அடுத்த வருஷம்தான்! நம் வீடுகளில் ஒருத்தர் கூட வந்தால் உலையில் இன்னும் ஒரு கைப்பிடி அரிசி போட்டாச்சு. அங்கே முதலில் இருப்புக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

இந்த வகையில் சரித்திரத்தில் மிகப் பிரசித்தமான விருந்து 1958இல் தென்துருவத்தில் நடந்தது. அமெரிக்கர்கள் 1956-57இல் துருவத்திலேயே ஒரு நிலையம் அமைத்திருந்தார்கள். ஒரு குளிர்காலத்துக்கு இருபது பேருக்குள்ளேயே தங்குகிற இடம். கப்பல் அங்கே போகாது. விமானத்தில் கொண்டுவந்து பாராசூட்டில் போட்டதுதான் பெரும்பாலான சரக்கு. குடிக்கிற தண்ணீருக்கும் பனியை உருக்க வேண்டும், உருக்க எரிபொருள் வேண்டும்.

1958 ஜனவரி 4ஆம் தேதி அந்த வாசலுக்கு வந்து சேர்ந்தார் எவரெஸ்ட் வீரர் எட்மண்ட் ஹிலாரி. கூட நால்வர். ஆமுன்ட்சென், ஸ்காட் ஆகியோருக்குப் பிறகு, 46 ஆண்டுகள் கழித்துத் தரைவழியாகத் துருவத்தைத் தொட்ட முதல் கூட்டம் இதுதான். எதில் வந்தார்கள் தெரியுமா? மூன்று பெர்குசன் டிராக்டர்களில்! முப்பது குதிரைசக்திகூட இல்லாத வயல் டிராக்டர். பின்னாளில் சென்னை டாஃபே கம்பெனி செய்து நம் டெல்டா வயல்களில் ஓடிய மாசி பெர்குசனுக்கு இது முன்னோர். நம் ஊரில் சேற்றுழவுக்குக் கேஜ் வீல் மாட்டுகிற மாதிரி, அவர்கள் பனிக்குச் சங்கிலிப் பட்டை மாட்டிக்கொண்டார்கள். கடற்கரை ஓரத்து ஸ்காட் பேஸிலிருந்து ஏறத்தாழ 2000 கிலோமீட்டர். வந்து சேர்ந்தபோது மிச்சம் இருந்த பெட்ரோல் வெறும் 20 காலன்.

உண்மையில் ஹிலாரிக்கு இட்ட வேலை துருவம் போவதல்ல. எதிர்த்திசையிலிருந்து கண்டத்தைக் கடந்து வந்த ஆங்கிலேயர் விவியன் ஃபுக்ஸ் குழுவுக்காக, வழியில் உணவும் எரிபொருளும் இருப்பு வைப்பதுதான். அதை முடித்துவிட்டு, "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்கிற தினுசில் போய்விட்டார். அந்தக் கொஞ்ச தூரம் 800 கிலோமீட்டர்! பத்திரிகைகள் இதைப் பந்தயமாக்கிவிட்டன. போதாக்குறைக்கு, குளிர்காலம் நெருங்குகிறது, துருவத்தோடு நிறுத்திவிட்டு அடுத்த வருஷம் தொடரலாமே என்று ஃபுக்ஸுக்கே ஹிலாரி யோசனை அனுப்பினார். ஃபுக்ஸ் கேட்கவில்லை. என் அபிப்பிராயத்தில், இருவருமே பிடிவாதக்காரர்கள். ஆனால் இருவரின் பிடிவாதத்துக்கும் சோறு போட்டது அமெரிக்க நிலையம்.

ஜனவரி 19இல் ஃபுக்ஸ் பன்னிரண்டு பேர் கொண்ட குழுவாக, நாய் வண்டிகள் சகிதம் வந்து சேர்ந்தார். ஹிலாரியும் விமானத்தில் திரும்பி வந்து வரவேற்பில் கலந்துகொண்டார். ஐந்து நாள் தங்கல். பனிப் பாலைவனத்தில் வாரக்கணக்காகக் குளிக்காமல் வந்தவனுக்கு ஒரு வாளி வெந்நீர் எப்பேர்ப்பட்ட உபசாரம் என்று யோசித்துப் பாருங்கள். 24ஆம் தேதி கிளம்பிய ஃபுக்ஸ், ஹிலாரி வைத்த இருப்புகளை நம்பிப் பயணம் தொடர்ந்து, மார்ச் 2இல் ஸ்காட் பேஸை அடைந்தார். மொத்தம் 99 நாள். ஆக, திட்டத்துக்கு மிஞ்சிய விருந்தாளியே அடுத்த விருந்தாளிக்குக் கட்டுச்சோறும் வைத்திருந்தார்! ஹிலாரியைத் திட்டுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

இதே ஹிலாரி 1985 முதல் 1989 வரை இந்தியாவில் நியூஸிலாந்துத் தூதராக இருந்தார். 2007 ஜனவரியில், 87 வயதில், ஸ்காட் பேஸின் ஐம்பதாம் ஆண்டு விழாவுக்குப் போனார். பிரதமர் ஹெலன் கிளார்க்கும் உடன் இருந்தார். அந்த நிலையத்தைக் கட்டியவரே அங்கே விருந்தாளி.

நம்மவர் கதைக்கு வருவோம். 2005இல் மத்திய அமைச்சர் கபில் சிபல் மைத்ரிக்குப் போனார். அதற்குள் கேப்டவுனிலிருந்து ரஷ்ய நிலையத்தின் பனி ஓடுபாதைக்கு விமானம் போகத் தொடங்கியிருந்தது; மைத்ரி அதற்குப் பக்கம்தான். கப்பலில் வாரக்கணக்கில் போக வேண்டிய இடத்துக்குச் சில மணி நேரம். பெரிய மனிதர்களால் இப்போது போய்த் திரும்ப முடிகிறதென்றால் அதற்கு இந்த ஓடுபாதையே காரணம். 2008 ஜூலை 1இல் வடதுருவப் பக்கம், நார்வேயின் நை-அலெசுண்டில், நம் ஹிமாத்ரி நிலையத்தைத் திறந்துவைத்தவரும் அவரே. அங்கே விருந்தாளி வந்தால் நம் ஆட்களுக்கு அடுப்புக் கவலை கிடையாது. பல நாட்டு நிலையங்களுக்கும் சேர்த்து, ஊரை நடத்தும் கம்பெனியின் சாப்பாட்டுக்கூடம் ஒன்றே. எல்லாருக்கும் அங்கேதான் பந்தி.