செஞ்சி வெளிநிலமும் எயினர் வில்வேட்டமும்

பழந்தமிழரின் வில்லாண்மையைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியிடமிருந்தே தொடங்குவர். வன்பரணர் பாடிய புறநானூற்று 152ஆம் பாட்டில், அவன் எய்த அம்பு ஒன்றே யானையை வீழ்த்திப் புலியைக் கொன்று, கலைமானை உருட்டிப் பன்றியைச் சாய்த்து, இறுதியிற் புற்றிலிருந்த உடும்பிற் சென்று தங்கியதாகக் கூறப்பெறுகின்றது. இதனை நிகழ்ந்தபடியே கொண்டு தமிழர் வில்லின் வலியை அளக்க முயல்வோரும் உளர். வள்ளல் ஒருவனை வியந்த புலவர் மொழிக்கு அளவுகோல் வைப்பது பொருந்துவதன்று. அதனினும் நோக்கத்தக்கது அப்பாட்டின் பிறிதொரு செய்தியாகும். கொன்றவனைக் கண்ட புலவர், இவன் ஊனை விலைக்கு விற்கும் வேட்டுவன் போலத் தோன்றவில்லையே என ஐயுறுகின்றார். ஆகவே தலைவனின் வேட்டம் ஒன்று. வயிற்றுக்காக வில்லேந்தியவனின் வேட்டம் மற்றொன்று. முன்னது பாடப்பெற்றது, பின்னது பாட்டுகளின் ஓரங்களிற் கிடக்கின்றது. அப்பின்னதையே செஞ்சி வட்டாரத்தை நடுவாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

செஞ்சியைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. பத்துப்பாட்டுள் மூன்று ஆற்றுப்படைகளின் நிலம் இவ்வூரைச் சூழ்ந்து கிடக்கின்றது. மேற்கே மலைபடுகடாம் பாடும் நன்னனது செங்கம். கிழக்கே சிறுபாணாற்றுப்படையின் தலைவனாகிய நல்லியக்கோடனது ஓய்மாநாடு. அவன் ஊர்களுள் ஒன்றாகிய கிடங்கில் இன்றைய திண்டிவனத்தைச் சார்ந்தது. வடக்கே பெரும்பாணாற்றுப்படை போற்றும் இளந்திரையனது தொண்டை நாடு. கோட்டையோ இவற்றிற்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டது. ஆனந்தக் கோன் என்னும் ஆயன் அதற்கு அடிகோலினான் என்பது வழிவழிச் செய்தி. சி. எசு. சீனிவாசாச்சாரியார் எழுதி, அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1943இல் வெளியிட்ட செஞ்சி வரலாறு அரசரைப் பற்றியது. எயினருக்கு அதில் இடமில்லாமை வியப்பன்று. கோட்டைக் குன்றுகளை மட்டும் கண்டு திரும்புவோர், அவற்றினிடையே விரிந்து கிடக்கும் புதர்க்காட்டையும் மேய்ச்சல் வெளியையும் ஏரிகளையும் பொருட்படுத்துவதில்லை. வேட்டுவனுக்கு வேண்டியவை இவையே.

வெளிநிலத்து விலங்கு காட்டு விலங்கினும் வேறானது. தொல்காப்பிய மரபியல், இரலை, கலை என்னும் ஆண்பாற் பெயர்கள் புல்வாய்க்கு உரியன என வகுக்கின்றது. புல்வாய் என்னும் பெயரே அவ்விலங்கின் வாழ்வைக் காட்டுவதாகும்: புல்லை மேய்வது, ஆகவே புல்வெளியை விட்டு நீங்காதது. முறுக்கிய கொம்புடைய இம்மான் மரத்தின் பின்னே மறைவதில்லை. கண்ணையும் காலையுமே நம்பியிருப்பது. மணிக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் விரைவில் ஓட வல்லது என்பர். இதனைப் பிடிப்பதற்கென்றே வடபுலத்து வேந்தர் சிவிங்கிப்புலியைப் பழக்கினர். மரமில்லாத வெளியில், நெடுந்தொலைவிலேயே ஆளைக் கண்டுகொள்ளும் விலங்கின் முன்னே வில் ஏந்தி நிற்பவன் என் செய்வான்? வில்லின் வலி எவ்வளவாயினும், அம்பு சென்று சேருமுன் மான் இடம் பெயர்ந்துவிடும். எனவே வெளிநில வேட்டத்தில் வினா, அம்பு எத்துணைத் தொலைவு செல்லும் என்பதன்று. வேட்டுவன் எத்துணை அண்மையிற் செல்ல முடியும் என்பதே.

இவ்வினாவிற்குப் பெரும்பாணாற்றுப்படை விடை தருகின்றது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் எயினர் குடிசையைக் காட்டுமிடத்து, முன்றிலில் நிற்கும் விளாமரம் ஒன்றைக் குறிக்கின்றார். அதில் பார்வை கட்டப்பெற்றிருந்தது. மரத்தின் அடியும் தேய்ந்திருந்தது. பார்வை என்பது பிற மான்களை ஈர்ப்பதற்கெனப் பழக்கிய மான் ஆகும். நச்சினார்க்கினியரும் பார்வைமான் என்றே உரை கூறினார். அடி தேய்ந்த மரம் என்ற அடை அழகுக்காக வந்ததன்று என்பது என் கருத்து. ஒரு நாள் கட்டிய கயிற்றால் மரம் தேயாது. பல்லாண்டு ஒரே மரத்தில் மான் கட்டி வளர்த்த குடி அது. வீட்டு விலங்கைப் போலவே வேட்டைத் துணையும் பேணப்பட்டது. நற்றிணை 212ஆம் பாட்டிலும் பார்வை வேட்டுவன் என்று ஒருவன் பெயர் பெறுகின்றான். அவன் வலைக்கு அஞ்சிக் கத்துவது நெடுங்காற் கணந்துள் என்னும் பறவை. மானுக்கும் புள்ளுக்கும் ஒரே சொல் வழங்கியமையால், பார்வை தனி ஒருவரது சூழ்ச்சியன்று, பெயர் பெற்ற தொழில் முறை என்பது பெறப்படும்.

அப்பாட்டு மேலும் செல்கின்றது. மானடிச் சுவடுகள் பதிந்த வழியோரத்தில், நீருண்ணும் இடத்தை அடுத்துத் தோண்டிய குழியினுள் வேட்டுவர் ஒடுங்கி, நள்ளிரவில் வரும் வளைந்த கொம்புப் பன்றியை எதிர்நோக்கியிருப்பர். அது வாய்க்காவிடின் பகலில் நாய்களோடு புதரை அலைத்து, வேலியை ஒட்டித் தொடர்வலை மாட்டி, நெடுஞ்செவி முயலைப் போக்கறச் சூழ்ந்து பிடிப்பர். இரவுக்கு ஒரு முறை, பகலுக்கு ஒரு முறை. பெரு விலங்குக்குக் குழி, சிறு விலங்குக்கு வலை. வேட்டம் பிழைத்தலையும் புலவர் மறவாது கூறினார். ஓரியின் அம்பு பிழைப்பதேயில்லை; எயினன் வெறுங்கையோடு விடியலைக் காண்பதும் உண்டு. வரலாறு எழுதுவோனுக்கு இரண்டாவதே கூடுதற் சான்று.

ஆப்பிரிக்கச் சமவெளிகளில் இன்று வில்லுடன் வேட்டையாடச் செல்லும் அயல்நாட்டார் கையாளும் முறையை இதனோடு வைத்துக் காண்க. நமீபியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் நீர்நிலையை அடுத்து மறைவிடம் அமைத்து, அல்லது நிலத்தைத் தோண்டி அதனுள் அமர்ந்து, மான் நீருண்ண வரும் வரை அவர்கள் காத்திருக்கின்றனர். உருளை பூட்டிய புது வில் கையிலிருந்தும் குழியை விட்டு எழ இயலவில்லை. அந்நாட்டுப் பழங்குடியினராகிய சான் மக்களோ ஒரு வகை வண்டின் புழுவிலிருந்து எடுத்த நஞ்சினை அம்பில் தடவி எய்து, அடிபட்ட விலங்கின் சுவட்டைப் பற்றி நெடுநேரம் தொடர்வர். தொலைவை வெல்லக் காத்திருத்தல், சுவடு பற்றுதல் என இரு வழிகள் அங்கும் தோன்றின. இதனால் இனத்தொடர்பு கூற வேண்டா. ஒரே வகை நிலம் ஒரே வகை வழியைக் கற்பிக்கும் என்பதே போதும்.

மலைபடுகடாத்தில் வில்லுக்கு இன்னும் சிறிய இடமே உளது. தினைப்புனத்தை அழிக்கும் பன்றிக்கு அஞ்சி, அது நுழையும் வழிதோறும் கல்லாலான பொறி மாட்டப்பட்டிருத்தலைக் கூறி, அதிற் சிக்காதிருக்க இருள் நீங்கிய பின்னரே செல்லுமாறு கூத்தரை எச்சரிக்கின்றார் பெருங்கௌசிகனார். சிறுபாணாற்றுப்படையிலோ வேட்டம் இல்லை. அதன் பயன் உண்டு. ஓய்மாநாட்டு வேலூரில் எயிற்றியர் சமைத்த புளிச்சோற்றோடு ஆமானின் சூட்டிறைச்சியும் பாணனுக்குக் கிடைக்கும். வழிப்போக்கரைக் கொள்ளையிடுவோர் என்று பாலைப் பாட்டுகளைக் கொண்டு எயினரை ஒரே நிறத்திற் காட்டும் கட்டுரையாளர், இவ்விருந்தைக் கருதாது விட்டனர்.

நடுகற்களுக்கு வருவோம். தமிழ்நாட்டுத் தொல்பொருள் ஆய்வுத்துறை 1972இல் இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளியிட்ட ‘செங்கம் நடுகற்கள்’ இந்நிலத்து வில்லை நம் கண்முன் நிறுத்துகின்றது. வீரர் பலர் ஒரு கையில் வில்லும் மற்றொரு கையிற் குறுவாளும் ஏந்தி நிற்கின்றனர். அவர்கள் மாண்டது பெரும்பாலும் தொறுப்பூசலில். மான் வேட்டையில் அன்று. மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த எடுத்தனூர்க் கல்லில், தலைவன் இறந்தபின் கள்வர் இருவரைக் கடித்துக் காவலிருந்த நாய்க்குக் கோவிவன் என்ற பெயரும் உருவும் பொறிக்கப்பட்டுள்ளன. வேட்டத்திற் புதரை அலைத்த நாயே ஆநிரைப் பூசலிலும் உடன் நின்றது எனலாம். ஊர்ப்பெயர்களைக் கொண்டு இதனினும் மிகுதியாகச் சொல்லத் துணிதல் கூடாது. வேட்டவலம் என்பதனை வேட்டையோடு இயைத்துக் கதை கட்டுதல் எளிது; கல்வெட்டின் துணையின்றி அதனை ஏற்பது அரிது.

வில்லொடு குறுவாள் என்ற இணை பெரியபுராணத்தை நினைவூட்டுகின்றது. கண்ணப்பர் வரலாற்றில், வலையறுத்து ஓடிய பன்றியைத் திண்ணனார் நாணனும் காடனும் பின்வர நெடுந்தொலைவு துரத்திச் சென்று, அண்மையிற் சுரிகையாற் குத்தி இரு துண்டாக்குகின்றார். தமிழ் இலக்கியத்தின் தலைசிறந்த வில்லாளியின் முதல் வேட்டை அம்பினால் முடியவில்லை! சேக்கிழார் அவ்வேட்டத்தின் ஒழுக்கத்தையும் உரைக்கின்றார்: யானைக்கன்றைத் தொடரார், சிறு குட்டிகளைக் கொல்லார், கருவுற்றுத் தளர்ந்த பிணையை வருத்தார். சோழப் பேரரசின் அமைச்சர் காளத்திக் காட்டு வேடரைப் பற்றி எழுதியதாயினும், கற்பனையே என்று இதனைத் தள்ளிவிட என்னால் இயலவில்லை. சூல்மானைக் கொல்லும் குடிக்கு அடுத்த ஆண்டு மான் இராது. அண்மையிற் சென்று, கண்டு, தெரிந்து எய்பவனுக்கே அவ்விலக்கைக் காத்தல் கூடும்.

அதே செஞ்சிப் பாறைகளில் மற்றோர் ஒழுக்கமும் வேரூன்றியிருந்தது. திருநாதர்குன்றில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர் உருவங்களின் அருகே, சந்திரநந்தி 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்துறந்த செய்தி பொறிக்கப்பட்டுள்ளது. ஓருயிரையும் ஊறு செய்யாதவர் நோற்ற குன்றும், உயிர் கொன்று உண்பவர் குழியில் ஒடுங்கிய வெளியும் ஒரே வட்டாரத்தன. இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் எங்ஙனம் கண்டனர் என்பது தனிக் கட்டுரைக்கு உரியது.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் புல்வாயை முதல் அட்டவணையில் வைத்தது. தமிழகத்தில் இன்று அதனைக் காண விழைவோர் கோடியக்கரைக்கோ கிண்டிக்கோ வல்லநாட்டுக்கோ செல்லவேண்டும். வேட்டம் ஒழிந்தது, சொற்கள் ஒழிந்தனவா என்பதே இனி நாம் கேட்க வேண்டுவது. செஞ்சி வட்டாரத்தில் இருளர் குடிகள் பல உள. சுவடு காணுதல், பொறி வைத்தல், வலை மாட்டுதல் ஆகியவற்றிற்கு அவர்தம் முதியோர் வழங்கும் பெயர்களை நம் ஆய்வு மாணவர் ஊர்தோறும் சென்று தொகுத்து, பெரும்பாணாற்றுப்படை உரையோடு ஒப்பு நோக்குதல் வேண்டும். பார்வை என்ற சொல்லைக் கேட்டு அத்தொகுப்பைத் தொடங்கலாம்.