கோட்டைக்கு வெளியே: ஆங்கிலேயர் குடியேற்றமும் செங்கல்பட்டுச் சேரிகளும்



1746 செப்டம்பரில் மதராஸ் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் வட அமெரிக்காவின் கேப் பிரெட்டன் தீவில் இருந்த லூயிபர்க் என்ற பிரெஞ்சுக் கோட்டையை நியூ இங்கிலாந்தின் ஆங்கிலக் குடியேறிகள் பிடித்திருந்தார்கள். 1748 உடன்படிக்கையில் இரண்டையும் மாற்றிக்கொண்டார்கள். லூயிபர்க் பிரான்சுக்கு, மதராஸ் இங்கிலாந்துக்கு. எங்கள் ரத்தத்தைக் கொடுத்துப் பிடித்த கோட்டையை யாரோ ஒரு வணிகக் கம்பெனிக்காக விட்டுக்கொடுத்தார்களே என்று நியூ இங்கிலாந்துக்காரர்கள் கொதித்தார்கள். மதராஸ் கோட்டைக்கு வெளியே வாழ்ந்த நம்முடைய ஆட்கள் என்ன நினைத்தார்கள் என்பதை எந்தக் குறிப்பிலும் யாரும் எழுதி வைக்கவில்லை.

நம் பள்ளிப் பாடநூல்கள் அமெரிக்கக் குடியேற்றத்தை ஒரு பாடமாகவும், கிழக்கிந்தியக் கம்பெனியின் வருகையை வேறொரு பாடமாகவும் சொல்லித்தருகின்றன. அங்கே போனவர்கள் வேறு, இங்கே வந்தவர்கள் வேறு என்ற எண்ணம் அப்படித்தான் மனத்தில் விழுகிறது. உண்மையில் 1600-ல் தொடங்கிய கிழக்கிந்தியக் கம்பெனியின் முதல் ஆளுநர் சர் தாமஸ் ஸ்மித். அமெரிக்காவின் ஜேம்ஸ்டவுனில் குடியேற்றம் நடத்திய வர்ஜீனியா கம்பெனிக்கு 1609 முதல் 1619 வரை பொருளாளராக இருந்து அதை நடத்தியவரும் அவரேதான். ஒரே லண்டன் பணம் இரண்டு கடற்கரைகளுக்குப் போயிற்று. அது ஒவ்வொரு கரையிலும் எதைக் கண்டது, எதை உண்டாக்கியது என்பதுதான் இன்றைய உரையின் பொருள்.

1607-ல் ஜேம்ஸ்டவுனில் இறங்கியவர்கள் நூற்றுச் சொச்சம் பேர். 1609–10 குளிர்காலத்துப் பஞ்சத்தில் அங்கிருந்தவர்களில் மிகச் சிலரே மிஞ்சினார்கள். அதுவரை உயிர் பிழைத்திருந்ததே பௌஹாட்டன் மக்களின் மக்காச்சோளத்தால்தான். பிறகு அந்த மக்களின் நிலத்தையே பறித்துப் புகையிலை பயிரிட்டார்கள். நிலம் கிடைத்துவிட்டது, உழைக்க ஆள் இல்லை. முதலில் இங்கிலாந்தின் ஏழைகளை ஒப்பந்தக் கூலிகளாக இறக்கினார்கள். 1619-ல் ஆப்பிரிக்கர்கள் இருபது சொச்சம் பேர் அங்கே விற்கப்பட்டார்கள். அப்போதும் இந்த அடிமைத்தனம் பிறப்போடு வருவதா, உழைத்துத் தீர்க்கக்கூடியதா என்பது அங்கே தெளிவாகவில்லை. 1662-ல் வர்ஜீனியா சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டுத்தான் அதைத் தீர்த்தது: தாயின் நிலை எதுவோ அதுவே பிள்ளையின் நிலை.

இந்தச் சட்டத்தைப் படிக்கும்போது நமக்குப் புதிதாக எதுவும் தோன்றுவதில்லை. பிறப்பால் இன்ன வேலை, இன்ன இடம் என்று விதிக்கும் ஏற்பாட்டை அவர்கள் அரை நூற்றாண்டு தட்டுத்தடுமாறிச் சட்டமாக்கினார்கள். சோழமண்டலக் கரைக்கு வந்த ஆங்கிலேயருக்கு அந்தத் தொல்லை இருக்கவில்லை, அது இங்கே தயாராக இருந்தது. சாதியும் அமெரிக்க அடிமைமுறையும் ஒன்றே என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டுக்கும் வேறுபாடுகள் உண்டு. ஆனால் ஒப்பிட்டுப் பார்ப்பதை ஒதுக்கிவிடவும் முடியாது. 1873-ல் ஜோதிராவ் புலே தன் ‘குலாம்கிரி’ நூலை, அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்கே காணிக்கையாக்கினார். 1946-ல் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டு போய்ஸுக்குக் கடிதம் எழுதினார். நம் முன்னோர்கள் தொடங்கி வைத்த ஒப்பீடு இது.

1639 ஆகஸ்டில் தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கரிடம் பிரான்சிஸ் டே சாசனம் பெற்றார். 1640 பிப்ரவரியில் ஆண்ட்ரூ கோகனும் அவரும் வந்திறங்கிக் கோட்டை கட்டத் தொடங்கினார்கள். அந்தக் கரையில் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் மீனவர்கள் அலையைக் கடந்து போய் ஆட்களையும் சரக்கையும் கொண்டுவருவார்கள். கரையை நெருங்கியதும் துரைமார்களைத் தோளில் தூக்கி மணலில் இறக்கி விடுவார்கள். துறைமுகம் இல்லாத இடத்தை ஏன் தேர்ந்தார்கள் என்று கேட்கலாம். துணி இங்கே மலிவு. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்து நெசவாளர்களை வரவழைத்துக் குடியமர்த்தவும் முடியும். நீளத்துணி, சேலம்பூர், மூரி எல்லாம் இங்கிருந்து லண்டனுக்குப் போயின. அவற்றில் ஒரு பகுதி அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய் மனிதர்களை வாங்கும் பணமாயிற்று. அப்படி வாங்கப்பட்டவர்கள் அமெரிக்கத் தோட்டங்களுக்குப் போனார்கள். நம் ஊர்த் தறிக்கும் வர்ஜீனியாவின் புகையிலைக் காட்டுக்கும் இடையே இப்படியொரு நூல் ஓடியது.

கோட்டைக்குள் வாழ்க்கை எப்படி இருந்தது? இளம் எழுத்தருக்கு ஆண்டுச் சம்பளம் பத்துப் பவுன். எல்லோருக்கும் ஒரே பொதுச் சாப்பாட்டு மேசை, பதவி வரிசைப்படி இருக்கை. சம்பளம் சிறிதென்றாலும் சொந்த வியாபாரத்தில் சம்பாதித்தார்கள். இந்த வாழ்க்கையைத் தாங்கிப் பிடித்தவர்கள் யார்? மாட்டிறைச்சி சமைக்கவும், குதிரை தேய்க்கவும், கழிவு அள்ளவும் பெரும்பாலும் பறையர்களே முன்வந்தார்கள். முன்வந்தார்கள் என்பதைவிட, அவர்களுக்கு அங்கேதான் கூலி காசாகக் கிடைத்தது என்பதே சரி. கிராமத்தில் களத்துமேட்டு நெல்லுக்குக் காத்திருந்தவர்களுக்குக் காசு பெரிய விஷயம். பின்னர் கம்பெனியின் மதராஸ் படையிலும் நம்மவர்கள் பெருமளவில் சேர்ந்தார்கள். அயோத்திதாசர் எழுதியிருப்பதன்படி அவருடைய பாட்டனார் கந்தப்பன் ஒரு துரை வீட்டு பட்லர். திருக்குறள் ஓலைகளை எல்லிஸ் துரையிடம் சேர்ப்பித்தது அவர்தான். அந்த எல்லிஸை நாம் மறுபடி சந்திக்கப்போகிறோம்.

சமையற்கட்டு வரை வரலாம், குடியிருக்க மட்டும் கூடாது. கோட்டைச் சுவருக்குள் வெள்ளையர் நகரம், அதை ஒட்டிக் கருப்பர் நகரம் என்ற நிறக்கோட்டைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். அதற்கப்பால் பெரிய பறைச்சேரி என்று கம்பெனி ஆவணங்களே பெயர் சொல்லும் குடியிருப்பைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. நிறக்கோடு ஐரோப்பியர் கொண்டுவந்தது. ஊர்–சேரிக் கோடு இங்கிருந்து எடுத்துக்கொண்டது. புது நகரம் ஒன்றை வெறும் மணலில் கட்டும்போதுகூட அந்தக் கோட்டை விட்டுவிட அவர்களுக்கு மனம் வரவில்லை. 1707-ல் வலங்கை–இடங்கைச் சண்டை முற்றியபோது ஆளுநர் தாமஸ் பிட் செய்ததைப் பாருங்கள். பெத்தநாயக்கன்பேட்டை வலங்கையாருக்கு, முத்தியால்பேட்டை இடங்கையாருக்கு என்று தெருக்களைப் பிரித்து எல்லை போட்டார். வலங்கையின் பலமாகத் தெருவில் நின்ற பறையர்களுக்கு அந்தப் பாகப்பிரிவினையில் கிடைத்தது பழைய சேரிதான். ஆனாலும் கருப்பர் நகரத்தின் காவல் தெய்வமான ஏகாத்தாளுக்குத் திருவிழாவில் தாலி கட்டும் உரிமை ஒரு பறையருக்கே இருந்ததை 1909-ல் தர்ஸ்டன் பதிவு செய்திருக்கிறார். இந்த மண்ணில் முதலில் இருந்தவர்கள் யார் என்று தெய்வத்துக்கு நினைவிருந்திருக்கிறது. (இந்த பிட்டின் பேரன் பெயரில்தான் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரம் இருக்கிறது.)

பிட்டுக்கு முன்னால் 1687 முதல் 1692 வரை ஆளுநராக இருந்தவர் எலிஹு யேல். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் அவர் பெயரைத் தாங்கியது, அவர் அனுப்பிய ஒன்பது மூட்டைச் சரக்குகளுக்கும் புத்தகங்களுக்கும் நன்றியாக, 1718-ல். அந்தச் செல்வம் மதராஸில் சேர்ந்தது. 1680-களில் பஞ்சம் வந்தபோது இந்தக் கரையில் மக்கள் விற்கப்பட்டார்கள். சாவடியில் பெயர் பதிந்து, கட்டணம் வாங்கிக்கொண்டு கப்பலேற்றினார்கள். இந்தப் பகுதிக்கு மொகலாயர் ஆட்சி வந்த பிறகு, 1688-ல்தான் கோட்டைச் சபை அதைத் தடை செய்தது. பழவேற்காட்டு டச்சுக்காரர்கள் அதற்கு முன்பே ஆயிரக்கணக்கானவர்களைப் பத்தாவியாவுக்கு அனுப்பியிருந்தார்கள். 1635-லேயே வர்ஜீனியாவின் நிலப் பதிவேட்டில் கிழக்கிந்தியன் டோனி என்று ஒரு பெயர் வருகிறது. ஆளைக் கொண்டுவந்த முதலாளிக்குத் தலைக்கு ஐம்பது ஏக்கர் என்ற கணக்கில் அந்தப் பெயர் எழுதப்பட்டது. ஒரு மனிதன் கடல் கடந்து போனான், அதற்காக நிலம் வேறொருவனுக்கு எழுதப்பட்டது. இந்த இடத்தில் செங்கல்பட்டுக்கு வந்துவிடலாம்.

மாமல்லபுரம் கரை அன்றைய மாலுமிகளுக்கு ஏழு பகோடாக்கள் என்ற கடல் அடையாளம். அதற்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக் கோட்டை. வடக்கே கோவளத்துக் கோட்டையை 1752-ல் கிளைவ் பிடித்தார். அதே ஆண்டில் செங்கல்பட்டுக் கோட்டையையும் பிடித்தார். சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்களின் கல்லறைகள் நுணுக்கமான செதுக்குவேலையோடு இன்றும் இருக்கின்றன, தொல்லியல் துறை காக்கிறது. அந்தக் கோட்டைக்குச் செங்கல் சுமந்தவர்களின் இடுகாடு எது என்று கேட்டால் காட்டுவதற்குக் கல் இல்லை.

1763-ல் ஆற்காட்டு நவாப் முகமது அலி செங்கல்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். கோட்டையைச் சுற்றிய மணல்மேட்டிலிருந்து கம்பெனி வயலுக்குள் இறங்கியது அப்போதுதான். 1767 முதல் தாமஸ் பார்னார்ட் ஏறத்தாழ இரண்டாயிரம் கிராமங்களை அளந்தார். 1780-ல் ஹைதர் அலியின் படை வந்தது. காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் ஆங்கிலப் படை அழிந்தது. ஊர்கள் காலியாயின. 1794-ல் கலெக்டராக வந்த லயனல் பிளேஸ், சிதறிய மக்களை மறுபடி நிலத்தில் நிலைகொள்ள வைப்பதைத் தன் முதல் வேலையாகக் கொண்டார். நிலைகொள்ள வைப்பது என்றால் நம்மவர்களைப் பொறுத்தவரை பழைய பண்ணையில் மறுபடி கட்டுவது.

மிராசு என்ற சொல் அரபியிலிருந்து வந்தது, பரம்பரைச் சொத்து என்று பொருள். தொண்டைமண்டலத்து வேளாளரும் பார்ப்பனரும் காணியாட்சி என்று சொல்லிவந்ததைக் கம்பெனி இந்தப் பெயரில் எழுதிச் சட்டமாக்கியது. மிராசு உரிமை குறித்து விரிவாக எழுதி 1818-ல் அச்சிட்டவர் எஃப். டபிள்யூ. எல்லிஸ், குறளை நேசித்த அதே எல்லிஸ். பண்ணையாள் மிராசுதாரின் அடிமை என்பதும், நிலத்தோடு அவன் கைமாறுவான் என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது. குறளின் அறம் அந்த இடத்தில் அவருக்குக் கைகொடுக்கவில்லை. ஏரி, புறம்போக்கு, தரிசு எதிலும் முதல் உரிமை மிராசுதாருக்கு. சேரி இருக்கும் நத்தமும் அவருடையதே. ஒரு பண்ணையாள் குடிசையைக்கூட அவர் தயவில்தான் வைத்திருந்தான். வெளியேறு என்றால் வெளியேற வேண்டும்.

1843-ல் ஐந்தாம் சட்டம் அடிமைமுறைக்குச் சட்ட ஏற்பு இல்லை என்றது. 1860-ன் தண்டனைச் சட்டம் அதைக் குற்றமாக்கியது. ஒரு காணி நிலம்கூட யாருக்கும் வரவில்லை. அமெரிக்காவிலும் இதே கதை. 1865 ஜனவரியில் ஜெனரல் ஷெர்மன் தென் கரோலினா, ஜார்ஜியா கடற்கரை நிலத்தை விடுதலை பெற்ற குடும்பங்களுக்கு நாற்பது ஏக்கர் வீதம் ஒதுக்கினார். அதே ஆண்டு ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் அதைப் பழைய முதலாளிகளுக்குத் திருப்பிக் கொடுத்தார்.

இங்கே அந்த ஒதுக்கீடு வர 1892 ஆயிற்று. செங்கல்பட்டில் பணியாற்றிய ஸ்காட்லாந்து மிஷனரி ஆடம் ஆண்ட்ரூவும், திருவள்ளூர்ப் பக்கத்தில் வில்லியம் கௌடியும் நிலமில்லாமையைத் தொடர்ந்து எழுதினார்கள். ஆண்ட்ரூ சிங்கப்பெருமாள்கோயில் பக்கம் மெல்ரோசாபுரம் என்ற குடியிருப்பையே உண்டாக்கினார். இதே மாவட்டத்தின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1891-ல் பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார். அந்த ஆண்டுதான் கலெக்டர் டிரெமன்ஹீர் செங்கல்பட்டுப் பறையர் பற்றிய குறிப்பை அரசுக்கு அனுப்பினார். தரிசு நிலத்துக்கு ஒரு பறையர் தர்காஸ்து போட்டால் மிராசுதார் எப்படித் தடுக்கிறார், குடியிருக்கும் மண்ணை வைத்து எப்படி மிரட்டுகிறார் என்பதையெல்லாம் அதில் எழுதினார். அதன் பலனாக 1892 செப்டம்பர் 30-ல் அரசாணை 1010 வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதன்வழி வந்தது. பத்தாண்டுகள் விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. மிஷனரிகளும் கலெக்டரும் செய்ததைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் அள்ளிக் கொடுத்தார்கள் என்று எழுதும் வரலாற்றையும் நான் ஏற்பதில்லை. மனு எழுதியவர்கள், சாட்சி சொன்னவர்கள், அதற்காக வேலை இழந்தவர்கள் சேரிக்காரர்கள்.

நிபந்தனை காகிதத்தில் இருந்தது, நிலம் கைமாறிக்கொண்டே போனது. மாமல்லபுரத்துக்கு அருகே காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்க மக்கள் இறங்கினார்கள், அங்கே அம்பேத்கர் சிலையை வைத்தார்கள். சிலை அகற்றப்பட்டது. 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர் விட்டார்கள். பிளேஸ் கலெக்டராக வந்து சரியாக இருநூறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் அந்த மண்ணின் விலை சதுர அடிக் கணக்கில் பேசப்படுகிறது. கோவளத்துப் பழைய கோட்டை இருந்த இடத்தில் நட்சத்திர விடுதி நிற்கிறது. மாணவர்கள் இதைப் படித்துவிட்டு நகர்ந்துவிட வேண்டாம். உங்கள் ஊர்க் கணினிப் பட்டாவை மட்டும் பார்க்காதீர்கள். 1980-களில் நில உடைமைப் பதிவுகளைத் திருத்தி எழுதியதற்கு முந்தைய ‘அ’ பதிவேட்டையும் நிலவரித் திட்டப் பதிவேட்டையும் கேளுங்கள். குறிப்புப் பத்தியில் நிபந்தனை என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். டிரெமன்ஹீரின் குறிப்பு எழும்பூர் ஆவணக் காப்பகத்தில், வருவாய்த் துறைத் தொகுதிகளுக்கு நடுவே இருக்கிறது.