ஹைதராபாத் தங்கமும் பாரிஸுக்குப் போன முதலியாரும்

ஆபீஸ்ல ஆணி அதிகம், ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலை காட்ட முடியலை. இன்னிக்கு ஒரு பழைய கதை. ஆனா ஆரம்பம் அரிசி மூட்டையில்.

2023 ஜூலை 20 ஞாபகம் இருக்கா? பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு இந்திய அரசு தடை போட்ட நாள். அடுத்த நாள் நியூ ஜெர்சியில் எங்க வீட்டுப் பக்கத்து இந்தியக் கடையில் திருப்பதி தரிசன க்யூ மாதிரி ஒரு கூட்டம். சோனா மசூரி மூட்டை விலை கண்ணெதிரே ஏறிக்கொண்டிருந்தது. "நாலு மூட்டை இல்லாம வீட்டுக்கு வராதீங்க" என்று தங்கமணி உத்தரவு. புழுங்கல் அரிசிக்கு அன்று தடையே கிடையாது (ஒரு மாசம் கழித்துத்தான் அதற்கு 20 சதவீத வரி வந்தது). ஆனால் இட்லி அரிசி அலமாரியும் காலி! சிரிக்கிறதா அழுகிறதா என்று தெரியாமல் ரெண்டு மூட்டையோடு திரும்பி, வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்தத் தடை 2024 செப்டம்பரில் நீங்கியது.

அந்த வாரம் செகந்திராபாத்தில் இருக்கும் தங்கமணியோட அத்தைப்பாட்டியிடம் போனில் புலம்பினேன். 2001 முதல் ஆறு வருஷம் ஹைதராபாத்தில் குப்பை கொட்டினபோது பத்மாராவ் நகரில் அவங்க வீட்டு மாடியில்தான் குடியிருந்தோம். "அரிசிக்கே இப்படிப் பதறுறீங்களே மாப்பிள்ளை. எங்க நிஜாம் தங்கத்துக்கே தடை போட்டாரு. அப்புறம் எங்களுக்கு கெரசினே வரலை" என்றார். 1948இல் அவருக்கு எட்டு வயது. அந்த ஒரு வரிதான் என்னை மாசக்கணக்கில் படிக்க வைத்தது.

1947இல் ஹைதராபாத் சமஸ்தானம் 82,000 சதுர மைலுக்கு மேல். ஒன்றரைக் கோடிக்கு மேல் ஜனம். சொந்த ரயில், சொந்த தபால்தலை, சொந்தப் பணம். அந்தப் பணத்துக்கு ஹாலி சிக்கா என்று பெயர், ஏழு ஹாலி சிக்கா கொடுத்தால் ஆறு இந்திய ரூபாய். சிங்கரேணியில் நிலக்கரி. ராய்ச்சூர் பக்கம் ஹட்டியில் தங்கச் சுரங்கம். அதை நடத்த 1947இல்தான் சமஸ்தானத்தில் ஒரு கம்பெனி தொடங்கியிருந்தார்கள். இல்லாதது ஒன்றே ஒன்று: கடல். அதற்காக போர்த்துக்கீசியரிடம் கோவாவின் மர்மகோவா துறைமுகத்துக்குப் பேரம் பேசிப் பார்த்தார்கள், படியவில்லை.

1947 நவம்பர் 29இல் டெல்லியும் நிஜாமும் 'உள்ளது உள்ளபடி' ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்துப் போட்டார்கள். ஆகஸ்ட் 15க்கு முன் என்ன ஏற்பாடு இருந்ததோ அதுவே ஒரு வருஷத்துக்குத் தொடரும், தகராறு வந்தால் நடுவர்களிடம் போகலாம். அவ்வளவுதான்.

மை காய்வதற்குள் ஹைதராபாத் அரசு இரண்டு அவசரச் சட்டங்கள் போட்டது. ஒன்று, தங்கம், வெள்ளி போன்ற உயர்ந்த உலோகங்களை இந்தியாவுக்கு ஏற்றுமதி செய்யக் கட்டுப்பாடு. இன்னொன்று, சமஸ்தானத்துக்குள் இந்திய ரூபாய் செல்லாது. கூடவே பாகிஸ்தானுக்கு 20 கோடி ரூபாய் கடன், அதுவும் இந்திய அரசின் கடன் பத்திரங்களாக! வல்லபாய் படேலின் வலது கையான வி.பி. மேனன், 1956இல் வந்த தன் புத்தகத்தில் இதையெல்லாம் ஒப்பந்த மீறல் கணக்கில் எழுதி வைத்திருக்கிறார்.

ஏன் தங்கம்? என் ஊகம் இது. தனி நாடாக நிற்க நினைப்பவனுக்குத் தனிப் பணம் வேண்டும், அந்தப் பணத்துக்கு முதுகெலும்பாகப் பெட்டகத்தில் ஏதாவது இருக்க வேண்டும். ஆக அது வெறும் வியாபாரத் தடை இல்லை, 'நான் தனி நாடு' என்ற அறிவிப்பு. டெல்லிக்கும் அது புரிந்தது.

இங்கே ஒரு வேடிக்கை. இந்த ஒப்பந்தத்துக்குச் சரியாக ஒரு மாசம் முன்பு, 1947 அக்டோபர் 30இல், ஜெனீவாவில் 23 நாடுகள் காட் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தன. இந்தியா, பாகிஸ்தான், சிலோன், பர்மா எல்லாம் அதில் உண்டு. அதன் 11ஆம் பிரிவு, ஏற்றுமதிக்கு வரி போடலாம், தடையோ அளவுக் கட்டுப்பாடோ கூடாது என்கிறது. 2012இல் பாக்சைட், மாங்கனீசு, துத்தநாகம் உள்ளிட்ட ஒன்பது மூலப்பொருள் வழக்கிலும், 2014இல் அரிமண் தனிமங்கள் வழக்கிலும் சீனா உலக வர்த்தக அமைப்பில் தோற்றபோது அடிபட்ட பிரிவுகளில் இதுவும் ஒன்று. ஹைதராபாத் இந்த ஒப்பந்தத்தில் இல்லை. இருந்திருந்தாலும் தப்பித்திருக்க இடமுண்டு! ஏனென்றால் 20ஆம் பிரிவின் விதிவிலக்குகளில் தங்கம், வெள்ளி ஏற்றுமதி இறக்குமதி பற்றித் தனியாகவே ஒரு வரி இருக்கிறது. பதிலுக்கு இந்தியா தன் பங்குக்கு 21ஆம் பிரிவின் பாதுகாப்புக் காரணத்தைக் காட்டியிருக்கும். வக்கீல்களுக்கு நல்ல தீனி.

நடந்தது வேறு. நடுவர் மன்றம் கூடவே இல்லை. 1948 கோடையில் இந்தியா கடிவாளத்தை இறுக்கியது. பெட்ரோலில் இருந்து குடிநீரில் போடும் குளோரின் வரை நின்றுவிட்டதாக ஹைதராபாத் குற்றம் சாட்டியது. டெல்லியோ, ஆயுதம் போகாமல்தான் தடுக்கிறோம் என்றது. ஆயுதம் போனதும் உண்மை. சிட்னி காட்டன் என்ற ஆஸ்திரேலிய விமானி கராச்சியில் இருந்து ராத்திரியோடு ராத்திரியாகத் துப்பாக்கிகளைக் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தார். கிராமங்களில் காசிம் ரஸ்வியின் ரஜாக்கர்கள் ஆடிய ஆட்டம் தனிக் கதை.

1948 ஆகஸ்ட் 21இல் ஹைதராபாத் ஐ.நா. பாதுகாப்பு சபைக்குத் தந்தி அடித்தது: மிரட்டுகிறார்கள், படையெடுக்கப் பார்க்கிறார்கள், பொருளாதார முற்றுகை போட்டிருக்கிறார்கள் என்று. செப்டம்பர் 13இல் இந்தியப் படை உள்ளே நுழைந்தது. 16ஆம் தேதி பாரிஸில் சபை கூடியபோது பாதி வழி கடந்துவிட்டார்கள்.

அங்கே இந்தியாவுக்காகப் பேசியவர் யார் தெரியுமா? நம்ம சர் ஆற்காடு ராமசாமி முதலியார்! பழைய நீதிக்கட்சிக்காரர், ஐ.நா. பொருளாதார சமூக சபையின் முதல் தலைவர், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியாரின் இரட்டைச் சகோதரர். பிறந்தது கர்னூலில். துங்கபத்திராவைத் தாண்டினால் எதிர்க்கரை நிஜாம் சீமை. அவருடைய வாதம்: ஹைதராபாத் என்றைக்குமே சுதந்திர நாடாக இருந்ததில்லை, எனவே இந்த சபைக்கு வரும் தகுதியே அதற்கு இல்லை.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், அன்றைக்கு அவர் மைசூர் சமஸ்தானத்தின் திவான். கோலார் தங்கம் விளைந்த மைசூர், இந்தியாவில் சேர்ந்துவிட்ட மைசூர். தங்கம் வைத்திருந்த ஒரு சமஸ்தானத்தின் திவான், தங்கத்தைப் பூட்டி வைக்கப் பார்த்த இன்னொரு சமஸ்தானம் நாடே இல்லை என்று உலகத்துக்கு எடுத்துச் சொன்னார்.

17ஆம் தேதி எல்லாம் முடிந்தது. 22ஆம் தேதி நிஜாமே புகாரை வாபஸ் வாங்கித் தந்தி கொடுத்தார். ஆனால் அந்த நாட்களையொட்டி ஊர்ப்புறங்களில் செத்தவர்கள் கணக்கு லேசானதில்லை. அரசே அனுப்பிய சுந்தர்லால் குழு, குறைந்தது 27,000 முதல் 40,000 பேர் என்று மதிப்பிட்டது. பெரும்பாலும் முஸ்லிம்கள். அந்த அறிக்கை 2013 வரை வெளியே வரவில்லை. இதையும் படித்த பிறகு, முதலியார் ஜெயித்த வழக்கை முன்போல் ரசித்து எழுத எனக்குக் கை வரவில்லை.

போன வருஷம் செகந்திராபாத் போனபோது அத்தைப்பாட்டி ஒரு சுருக்குப்பை காட்டினார். உள்ளே தையல் போட்டு இரண்டு அறை. லாலாகுடா ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த அவர் அப்பா, ஒன்றில் ஹாலி சிக்கா, இன்னொன்றில் இந்திய ரூபாய் வைத்திருப்பாராம். ரூபாய் செல்லாது என்று சொன்ன பிறகும் அதை அவர் எடுக்கவில்லையாம்.

"ஏன் பாட்டி?"

"எதுக்கு எடுக்கணும்? பக்கத்து வீட்டு ஹமீது மாமா மட்டும் எடுத்தாரா என்ன?" என்றவர், பையை மறுபடி சுருக்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.