கோபுரக் கலசமும் இரிடியம் என்ற பொய்யும்

பதிவு கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள். முடிந்தால் வீட்டில் இருக்கிற பெரியவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் சரவணம்பட்டி வீட்டுக்கு வந்தான். பெயர் வேண்டாம். லேத் பட்டறை வைத்திருக்கிறான், நல்ல உழைப்பாளி. காபி குடித்து முடிக்கும்வரை வாயே திறக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "சார், ஒண்ணு கேக்கோணுங்க. கோயில் கலசத்துல இடி உளுந்தா அது இரிடியமா மாறிருமுங்களா?" என்றான்.

முப்பத்து நான்கு வருஷம் அறிவியல் வாத்தியாராக இருந்தவனுக்கு இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று புரியாமல் போகுமா?

"எவ்வளவு சாமி குடுத்தே?"

"நாலரை லட்சமுங்க."

அவனுக்கு அன்று சாயங்காலம் சொன்னதையும், அவன் போன பிறகு பழைய புத்தகங்களை எடுத்துப் புரட்டியதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கலசம் என்றால் என்ன, அது ஏன் உச்சியில் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பொய் தானாக உதிர்ந்துவிடும்.

கோயில் விமானத்துக்கு ஆறு அங்கம் என்பது சிற்ப சாஸ்திரக் கணக்கு. அடியில் அதிஷ்டானம், அதன்மேல் சுவர், பிறகு பிரஸ்தரம், கழுத்து, சிகரம், கடைசியாக ஸ்தூபி. நாம் கலசம் என்பது அந்த ஆறாவது அங்கம். மனித உடம்பைப் போல விமானத்துக்கும் பாதம், கழுத்து, தலை எல்லாம் உண்டு என்று வைத்துக்கொண்டால் தலைக்கு மேலே குடுமி மாதிரி நிற்பது இது.

ஆனால் சாஸ்திரம் எழுதுவதற்கு முன்பே கூரை இருந்தது. கூரை போட்டவனுக்கு ஒரு தொல்லை இருந்தது. நாலா பக்கத்திலிருந்தும் வருகிற கீற்றோ புல்லோ உச்சியில் ஓரிடத்தில் கூடுகிறதல்லவா, அங்கேதான் மழை முதலில் உள்ளே இறங்கும். நடுக்கம்பத்தின் தலையும் அங்கேதான் நனைந்து மக்கும். அதை மூட வேண்டும். ஒரு பழைய மண்சட்டியைக் கவிழ்த்தால் போதும். எங்கள் தோட்டத்துச் சாளைக்குப் பக்கத்தில் வைக்கோல் போரின் உச்சியில் ஒரு உடைந்த பானை கவிழ்ந்து கிடக்கும். "அது எதுக்கு ஆத்தா?" என்று கேட்டதற்கு, "போரு நனையாம இருக்கோணுமல்ல" என்றதோடு சரி. நம்ம கோபுரத்துக் கலசத்தின் பூர்வீகம் அந்தச் சட்டியில் இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இதற்குச் சாட்சி பார்க்க ரொம்ப தூரம் போக வேண்டாம். ஊட்டிப் பக்கம் தோடர்களுடைய கூம்பு வடிவக் கோயிலைப் பார்த்தவர்கள் நினைவுபடுத்திப் பாருங்கள். புல் வேய்ந்த கூரை கூம்பாக மேலே மேலே குறுகிப் போகும். உச்சியில் ஒரு தட்டைக் கல்லை வைத்திருப்பார்கள். பூவேலை கிடையாது, பொன் கிடையாது. கூரையின் வாயை அடைக்கிற மூடி, அவ்வளவுதான். வடக்கே பீகாரில் பராபர் மலையில் லோமஸ் ரிஷி குகை என்று ஒன்று, கி.மு. 3-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பாறையைக் குடைந்தவர்கள் வாசலை அப்படியே ஒரு மரக்குடிசையின் முகப்பைப் போலச் செதுக்கியிருக்கிறார்கள். வளைவின் உச்சியில் குடிசைக்கு இருந்த அந்தக் குமிழையும் விடவில்லை. கல்லில் மழை ஒழுகாது. ஆனாலும் குமிழ் வேண்டும் என்று தோன்றிவிட்டது. உபயோகம் போய் அழகு வந்த இடம் அது. மாமல்லபுரம் போனால் கணேச ரதத்தின் முகட்டைப் பாருங்கள், வண்டிக்கூடு மாதிரிக் கூரையின் மேலே வரிசையாகக் கலசங்கள், எல்லாம் ஒரே பாறையில்.

நீளமான முகடு உள்ள கோபுரத்துக்கு மட்டும்தான் இப்படி வரிசை. வட்டமோ சதுரமோ எட்டுப் பட்டையோ உள்ள சிகரத்துக்குக் கூரைகள் கூடும் புள்ளி ஒன்று என்பதால் கலசமும் ஒன்று. ராஜகோபுரத்துக் கலசங்களை எண்ணிப் பாருங்கள், பொதுவாக ஒற்றைப்படையில்தான் இருக்கும். 1987-இல் முடிந்த ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 13 நிலை, 236 அடி. அதன் உச்சியில் 13 கலசம்.

இனி தஞ்சாவூர். பெரிய கோயில் கல்வெட்டில் எனக்கு ரொம்பப் பிடித்தது, இராஜராஜன் கலசம் கொடுத்த கணக்கு. அவனுடைய 25-ஆம் ஆட்சியாண்டில் 275-ஆம் நாள், அதாவது கி.பி. 1010-இல், ஸ்ரீவிமானத்தின் செப்பு ஸ்தூபித்தறியில் வைப்பதற்குச் செப்புக்குடம் ஒன்று கொடுக்கிறான். நிறை 3,083 பலம். அதன்மேல் போர்த்த பொன் தகடு 2,926½ கழஞ்சு. அரைக் கழஞ்சைக்கூட விடவில்லை பாருங்கள்! நம் பாட்டி காலத்துப் பலம் 35 கிராம் என்று போட்டால் செம்பு மட்டும் நூறு கிலோவைத் தாண்டும். கழஞ்சை ஐந்தேகால் கிராம் என்று கொண்டால் பொன் 15 கிலோவுக்கு மேல். இருநூறு அடி உயரத்துக்கு மேலே போய் உட்கார்ந்த பொருளின் எடையைக் கீழே எல்லாரும் பார்க்கும்படி கல்லில் எழுதி வைத்தான். மேலே ஏறி யார் சரிபார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிடவில்லை. (அந்தச் சிகரம் 80 டன் ஒரே கல் என்று வகுப்பில் நானே பல வருஷம் சொல்லியிருக்கிறேன். அது தப்பு. பல துண்டுகளைச் சேர்த்துக் கட்டியது. அந்தக் காலத்து மாணவர்கள் மன்னிக்கவும்.)

ஸ்தூபித்தறி என்ற சொல்லையும் கவனியுங்கள். தறி என்றால் நம் பக்கத்தில் கைத்தறி, விசைத்தறிதான் ஞாபகம் வரும். இங்கே தறி என்பது நட்ட கம்பம், மாடு கட்டும் கட்டுத்தறி மாதிரி. சிகரத்தின் நடுவில் கம்பத்தை நாட்டி, அதில் குடத்தைக் கோத்து உட்கார வைப்பது. இன்றும் அதே முறைதான். கலசம் என்பது ஒரே வார்ப்பு அல்ல. செப்புத் தகட்டை அடித்து, அடித்தட்டு, தாமரை இதழ், குடம், கழுத்து, மேலே கூர்முனை என்று தனித்தனியாகச் செய்து ஒன்றன்மேல் ஒன்றாகத் தண்டில் மாட்டுவார்கள். உள்ளே வெற்றிடம். அதில் வரகு நிரப்புவார்கள், சில இடங்களில் நவதானியம். 2025 பிப்ரவரி 10-இல் நம்ம பேரூர்க் குடமுழுக்குக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள், அத்தனை கூட்டமும் அண்ணாந்து பார்த்தது எதை? கோபுர உச்சியில் இந்தக் குடத்தின்மேல் தண்ணீர் விழும் அந்த ஒரு நொடியைத்தான். விழாவுக்கே பெயர் குடத்தின் பெயர்தான்.

வரகு ஏன் என்றால், உமியோடு இருந்தால் நெடுங்காலம் கெடாமல் கிடக்கும் தவசம் அது. வெள்ளம் வந்து எல்லாம் அழிந்தாலும் விதை மிஞ்ச வேண்டும் என்ற எண்ணம் நம் மக்களிடம் ஊறியது. கும்பகோணத்துத் தலபுராணமே பிரளயத்தில் மிதந்து வந்த விதைக் குடத்தின் கதைதானே. இது அழகான நம்பிக்கை. எனக்கு இதில் சண்டை இல்லை.

சண்டை, வாட்ஸ்அப்பில் சுற்றும் அடுத்த பகுதியோடு. கலசம்தான் இடிதாங்கி, உள்ளே இருக்கிற வரகு மின்னலை உறிஞ்சிவிடும், ஊரையே காக்கும் என்கிறார்கள். உயரமான பொருளின்மேல் மின்னல் முதலில் விழ வாய்ப்பு அதிகம் என்பது உண்மை. ஆனால் விழுந்த மின்சாரம் பூமிக்குப் போக வழி வேண்டாமா? 1752-இல் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பட்டம் விட்ட காலத்திலிருந்து இடிதாங்கியின் உயிர் அதன் கூர்முனையில் மட்டும் இல்லை, தரைக்குள் இறங்கும் கம்பியிலும் இருக்கிறது. அமெரிக்காவில் வாஷிங்டன் நினைவுத்தூண் என்று ஒன்று. 1884 டிசம்பரில் அதன் உச்சியில் அலுமினியத்தால் ஒரு சின்னக் கூம்பை வைத்தார்கள், 100 அவுன்ஸ் எடை. அப்போது அலுமினியம் வெள்ளிக்கு நிகரான விலை! கீழே கம்பித் தொடர்பெல்லாம் இருந்தும் அடுத்த ஜூனில் மின்னல் விழுந்து உச்சிக்கல் விரிசல் கண்டது. பிறகு கம்பிகளைக் கூட்டினார்கள். நம் கோயில்களிலும் இப்போது கலசத்துக்குப் பக்கத்தில் தனியாக இடிதாங்கி நட்டு, செப்புப் பட்டையைக் கோபுரத்தோடு ஒட்டிக் கீழே இறக்கியிருப்பதைப் பார்க்கலாம். கலசமே போதும் என்றால் அது எதற்கு?

கோயிலை விட்டு வீட்டுக்கு வந்தாலும் இந்தக் குமிழ் நம்மை விடுவதில்லை. 1865-இல் மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு கீற்று வீடெல்லாம் மெல்ல ஓட்டு வீடானது. வசதியான வீடுகளில் முகட்டின் இரண்டு முனையிலும் சுட்ட மண்ணில் ஒரு பூமொட்டு நிற்கும். என் அப்புச்சி வீட்டில் கடைசல் பிடித்த கட்டில் ஒன்று, நாலு காலின் தலையிலும் பித்தளைக் குமிழ். திருகிக் கழற்றலாம். நாங்கள் கழற்றி விளையாடி ஒன்றைக் கிணற்றில் போட்டுவிட்டோம். அப்புச்சி சாகும்வரை அந்தக் கட்டிலுக்கு மூன்று குமிழ்தான். இப்போது கீரணத்தம் பக்கம் அடுக்குமாடி வீடுகளுக்குப் போனால் ஜன்னல் திரைக்கம்பியின் இரண்டு முனையிலும் அதே குடம் குட்டியாக இருக்கிறது. திரை வளையம் நழுவிவிடாமல் தடுக்கிறதே, அதனால் அதற்கு இன்னும் வேலை இருக்கிறது!

சரி, இரிடியம். 1803-இல் ஸ்மித்சன் டெனன்ட் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்த உலோகம். அதன் உப்புகள் பல நிறம் காட்டியதால் கிரேக்க வானவில் தேவதை ஐரிஸின் பெயரை வைத்தார். பாரிஸில் 1889 முதல் உலகத்துக்கே அளவாக இருந்த கிலோகிராம் கட்டி, 90 சதம் பிளாட்டினமும் 10 சதம் இரிடியமும் சேர்ந்தது. உங்களுக்குத் தெரிந்த இரிடியம், ஹீரோ பேனா வாங்கும்போது கடைக்காரர் சொல்வாரே நிப்பு முனையில் இருக்கிற பொட்டு, அந்தக் குடும்பத்துப் பொருள்தான். அபூர்வம், விலை அதிகம், எல்லாம் நிஜம்.

ஆனால் செம்பின் அணு எண் 29, இரிடியத்தின் அணு எண் 77. பத்தாம் வகுப்பில் அட்டவணையைச் சுவரில் ஒட்டி நடத்தினேனே! மின்னல் முப்பதாயிரம் டிகிரி வரை சுடும். செம்பை உருக்கும், ஆவியாக்கும், கருக்கும். அணுக்கருவைத் தொடாது. இரிடியம் மாதிரிக் கனமான தனிமங்கள் உண்டாக நட்சத்திரங்கள் மோத வேண்டும், நம்ம ஊர் ஐப்பசி இடி போதாது. அவனிடம் இன்னொன்றும் சொன்னேன். "செம்பு ஒரு கன சென்டிமீட்டர் ஒன்பது கிராம்கூட இல்லை. இரிடியம் இருபத்திரண்டரை. கலசம் இரிடியமா மாறினா அதே அளவு கலசம் ரெண்டரை மடங்கு கனக்கோணும். அந்த எடை எங்கிருந்து கண்ணு வரும்?" பட்டறைக்காரன், சட்டென்று புரிந்துகொண்டான். முகம்தான் இன்னும் வாடிப்போனது.

அவனுக்கு அவர்கள் காட்டியது, அரிசியை இழுக்கும் வித்தை. 'ரைஸ் புல்லிங்' என்று பெயர். கலசத்தின் கிட்டே அரிசியைக் கொண்டுபோனால் தாவி ஒட்டிக்கொள்கிறது. இரிடியத்தைக் காந்தம் இழுக்காது, அதுவும் எதையும் இழுக்காது. அரிசிக்கும் காந்தத்துக்கும் சம்பந்தமே இல்லை. அரிசியில் இரும்புத்தூளைச் சேர்த்துவிட்டு, பாத்திரத்துக்குள் காந்தத்தை ஒளித்தால் ஆறாம் வகுப்புப் பையனும் இதைச் செய்வான். பிறகு விஞ்ஞானி என்று ஒருவர் வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு வருவார், பரிசோதனைச் செலவு என்று பணம் கேட்பார். வெளிநாட்டுக் கம்பெனி ஆயிரம் கோடிக்கு வாங்கிவிட்டது, பணம் ரிசர்வ் வங்கியில் நிற்கிறது என்று முத்திரை குத்திய போலிக் கடிதம் வரும். கடைசிவரை கலசம் கைக்கு வராது.

சில இடங்களில் நிஜமாகவே திருடுகிறார்கள். காவலில்லாத சின்னக் கோயில்களில் ராத்திரியோடு ராத்திரியாகக் கலசம் காணாமல் போகிற செய்தியைப் பேப்பரில் எத்தனை தடவை படித்துவிட்டோம். ஊர் கூடி வரி போட்டு, தகடு வாங்கி, ஸ்தபதிக்குக் கூலி கொடுத்து ஏற்றிய குடம். அதைக் கழற்றி இரிடியம் என்று விற்கப் பார்த்து, விலை போகாமல் கடைசியில் பழைய செம்பு விலைக்குப் போடுகிறான். நூறு வருஷத்துக்கு மேற்பட்டதாக இருந்தால் 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டமும் சேர்ந்து பாயும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கினால் வாங்கியவனும் மாட்டுவான். ஏமாந்தவர்கள் வாயை மூடிக்கொள்வதற்கு இந்தப் பயம்தான் காரணம். ஏமாற்றுகிறவனுக்கு மூலதனமும் அதுவே.

என் மாணவனும் அப்படித்தான் எட்டு மாசம் சும்மா இருந்திருக்கிறான். வீட்டில் சம்சாரத்துக்குத் தெரியாது. மகள் காலேஜ் ஃபீஸுக்கு எடுத்து வைத்த பணம். "உங்ககிட்ட படிச்சவன் இப்பிடி ஏமாந்தேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சுங்க சார்" என்றான். அட்டவணையை மனப்பாடம் செய்ய வைத்தேனே தவிர, செம்பு செம்பாகவேதான் இருக்கும் என்று ஒரு நாளாவது அழுத்திச் சொன்னேனா என்று அன்று ராத்திரி யோசித்துக்கொண்டிருந்தேன்.

நேற்று இரண்டு பேரும் போய்ப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். வங்கி ரசீது, செல்போனில் வந்த கடிதங்கள் எல்லாம் அவன் அழிக்காமல் வைத்திருந்தது நல்லதாய்ப் போயிற்று. சம்சாரத்திடமும் சொல்லிவிட்டான். இதே மாதிரி ஆட்கள் அன்னூர், சத்தி, அவினாசிப் பக்கம் உங்களில் யாரிடமாவது வந்திருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். யார் பெயரும் வெளியே வராது. அவன் கொடுத்த புகாரோடு சேர்த்துக் கொடுக்கலாம்.